கர்ப்பகாலப் புத்தகங்களுக்கு ஒரு ஜட்ஜம்மா

புத்தகக் கடையின் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், கர்ப்பகாலப் புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவளுக்குக் கடை ஊழியர்கள் வைத்த பெயர் ஜட்ஜம்மா. அங்கே வந்து நிற்கும் எந்தப் புத்தகத்துக்கும் அவளிடம் லேசில் ஜாமீன் கிடைக்காது.

அட்டையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளை உடையில் ஒருத்தி, ஜன்னலோரம் வயிற்றைத் தடவியபடி சிரித்துக்கொண்டிருப்பாள். "ஏழாம் மாசத்துல எவடி இப்படிச் சிரிக்கிறா? நெஞ்செரிச்சல்ல உக்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது" என்று அட்டைப்படத்தையே கேட்பாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் மகனைச் சுமந்தபோது யாரோ பரிசளித்த புத்தகம், தாய் நல்லதையே நினைத்தால் குமட்டல் தானே அடங்கும் என்றது. அவளும் நல்லதையே நினைத்தாள். நினைத்துக்கொண்டே வாந்தி எடுத்தாள். நம் மனசுதான் கெட்ட மனசு போலிருக்கிறது என்று மாதக்கணக்கில் அழுதாள். அதை எழுதிய புண்ணியவான் ஓர் ஆண் என்பதைப் பின்னட்டையில் பிறகுதான் பார்த்தாள். அந்த ஆளை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு சோதனை. புதிதாக எந்தப் புத்தகம் வந்தாலும் பிரித்து, மலச்சிக்கல் என்ற சொல்லைத் தேடுவாள். இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். இல்லாவிட்டால், "இது கர்ப்பிணியத் தூரத்துல இருந்துகூடப் பாக்காத ஆளு" என்று அடித்தட்டில் தள்ளிவிடுவாள். முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகள் கைகோத்துக்கொண்டு வந்து, "வயித்துல இருக்கும்போதே குழந்தைய அறிவாளியாக்குற புக் இருக்கா மேடம்?" என்று கேட்பார்கள். அந்த அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல பெத்தவங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கான்னு பாக்கலாம்" என்பாள். திட்டு வாங்கியவர்களும் அவள் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

தங்கை கர்ப்பமானபோது தீர்ப்பு உடனே வந்தது. படமில்லாத, பழுப்புத் தாளில் அச்சிட்ட பழைய புத்தகம். மலச்சிக்கலுக்குத் தனி அத்தியாயமே உண்டு. "இது போதும். வேற எதையும் தொடாதே" என்று கொடுத்தாள்.

தங்கையின் கணவன் சோபாக் கடையில் விற்பனையாளன். எதைச் சொன்னாலும் "சரிங்க அண்ணி" என்று தலையாட்டுவான் என்பதால் அவனுக்கு அவள் மனத்துக்குள் வைத்த பெயர் மண்டையாட்டி. அந்த மண்டையாட்டி தன் பங்குக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தான். வழவழப்பான தாள், நடுவில் ரிப்பன், அட்டையில் அதே வெள்ளை உடைக்காரி. ஜட்ஜம்மா புரட்டிப் பார்த்தாள். மலச்சிக்கல் இல்லை.

"தம்பி, இதுக்கு ஒரு தலையணை வாங்கியிருந்தா அவளுக்கு உதவியிருக்கும்" என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. தினமும் மனைவிக்கு வாசித்துக் காட்டினான், அவள் தூங்கிப் போன பிறகும்.

எட்டாம் மாதத்தில் ஒரு விடுமுறை நாள், மதியம் தங்கையைப் பார்க்கப் போனாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்திருந்தாள்.

"தலை பிளக்குதுக்கா. கண்ணுக்கு முன்னாடி என்னமோ மினுக்மினுக்குன்னு தெரியுது."

"எட்டாம் மாசத்துல வீங்காம என்ன பண்ணும்? கால உயரத் தூக்கி வச்சுக்கோ. நான் குடுத்த புக்லயே போட்டிருக்கே."

போட்டுத்தான் இருந்தது, வீக்கம் இயல்பு என்று. மண்டையாட்டி ரிப்பன் புத்தகத்தோடு வந்து நின்றான். "அண்ணி, தலைவலி, முகவீக்கம், கண்ணுல மினுமினுப்பு எல்லாம் சேர்ந்து வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இதுல எழுதியிருக்கு."

"ரிப்பன் வச்ச புக்லயா? அதுல மலச்சிக்கல்கூட இல்லையே தம்பி!" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ளத்தாச்சிய வீணாப் பயமுறுத்தாதீங்க."

"சரிங்க அண்ணி" என்று தலையாட்டிக்கொண்டே அவன் வாடகைக் காருக்குப் போன் செய்தான். வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடே தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனான். இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் திமிர் என்று முணுமுணுத்தபடி அவளும் ஏறிக்கொண்டாள்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வந்த டாக்டரம்மா, "ரெண்டு பேரும் பிழைச்சுக்கிட்டாங்க. வீட்லயே இருந்திருந்தா வலிப்பு வந்திருக்கும். கூட்டிட்டு வரணும்னு யாருக்குத் தோணுச்சோ, அவங்களுக்குக் கோடி நன்றி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜட்ஜம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் மலச்சிக்கலைத் தேடிய கண், தலைவலியை ஒருமுறைகூடத் தேடியதில்லை. அட்டைப்படக்காரியையும், எழுதியவர்களையும், வாங்க வந்தவர்களையும் பார்த்துச் சுளித்த முகத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மண்டையாட்டி குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரொம்பச் சின்னதா இருக்கான் அண்ணி. எப்படித் தூக்குறது, எப்படிப் பாத்துக்கிறதுன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நல்ல புக்கா நீங்களே ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்க."

அவள் அவன் முகத்தில் கிண்டலைத் தேடினாள். மருந்துக்கும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பாள்.

"எனக்கும் தெரியல தம்பி" என்று சொல்லி, அவன் முன்னாலேயே அழுதாள்.