மார்கழிக்கு ஆறு யூனிட்

போன வாரம் பாளையம்பட்டிக் கடையொன்றில் என் மனைவி சீரியல் லைட் வாங்கி வந்தாள். மார்கழி வரப்போகிறது, கோலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டாமா என்றாள். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் புது வயரின் வாசம் வந்தது. புதுச் செருப்புக்கும் சைக்கிள் டியூப்புக்கும் நடுவில் ஒரு வாசம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது பொருளின் வாசமில்லை, ஓர் ஆளின் வாசம்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து வாட் என்று போட்டிருந்தது.

"என்ன பாக்குறீங்க, கரண்டு ரொம்ப இழுக்குமா?" என்று கேட்டாள்.

நான் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் மின்பிரிவில் வேலை. இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் "ஒண்ணும் இழுக்காது" என்று சொல்வதற்குள் பெட்டியை இன்னும் இரண்டு தடவை திருப்பிவிட்டேன். அந்தப் பதிலை ஏழு வருடத்துக்கு முன்னால், வேறோர் இடத்தில், நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாசத்துக்குச் சொந்தக்காரன் சோலை. என் சித்தப்பா மகன். என்னைவிட ஆறு மாதம் இளையவன், அதனால் என்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டியவன், கூப்பிட்டதெல்லாம் "ஏலே"தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவர் யாருமில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தவர் பருத்திக் காட்டில் கூலிக்குப் போய் வளர்ந்தவர்கள். சோலை ஏழாவதோடு நின்று டவுனில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் சேர்ந்துவிட்டான். மைக் செட், குழல் விளக்கு, கோயில் கொடைக்கு லைட் அலங்காரம். சட்டையை மோந்தால் வயர் வாசம்தான்.

திருச்சுழி போகிற வழியில் ரோட்டோரமாக எங்கள் வீடு. தாத்தா கட்டிய வீட்டை நடுவில் கோடு போட்ட மாதிரி அண்ணனும் தம்பியும் பாதி பாதியாக வைத்திருந்தார்கள். முற்றம் பொது. மீட்டரும் ஒன்றே ஒன்று, இறந்துபோன தாத்தா பேரில், எங்கள் பக்கத்துச் சுவரில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும். ஒரு தடவை நாங்கள் கட்டுவோம், மறு தடவை அவர்கள். யார் வீட்டில் எவ்வளவு எரிந்தது என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. டவுனுக்குப் போகிறவன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவான், அவ்வளவுதான்.

மார்கழி வந்தால் சோலை வீட்டு முகப்பில் லைட் கட்டுவான். முதல் இரண்டு வருடம் இரண்டு செட், கடையில் கழித்துப் போட்டதை ஒக்கிட்டுச் சரிபண்ணிக் கொண்டுவந்தது. நான் சொல்ல வருகிற வருடம் எட்டு செட், எல்லாம் புதுசு, அவன் சொந்தக் காசு. நாலு அவர்கள் பக்கம், நாலு எங்கள் பக்கம். வஞ்சகமில்லாமல்தான் கட்டினான். அவர்கள் பக்கத்து நாலில் ஒன்றை வளைத்து வாசலில் ஒரு மயில், தோகை பச்சையும் நீலமுமாக ஓடும். அந்த மாதம் டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை "லைட்டு வீடு எறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் பிறந்ததிலிருந்து இருபத்து மூன்று வருடமாக அது எங்கள் வீடு. ஒரு மாதத்தில் சோலை வீடாகிவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குத்தான் மில் சம்பளத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். எங்கள் தெருவுக்கே முதல் பிரிட்ஜ். ஆனால் பாருங்கள், பிரிட்ஜ் வீட்டுக்குள் இருக்கிற சாமான். அதைப் பார்க்க யாரும் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. முதல் வாரம் நாலு பேர் ஐஸ் தண்ணி கேட்டு வந்தார்கள், பல் கூசுகிறது என்று போய்விட்டார்கள். சித்தி மட்டும் வாரத்துக்கு ஒருதரம் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லாருக்குப்பா ஒன் பொட்டி" என்பார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் திருச்சுழியிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நான். இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் வாசலில் நிற்கிறேன். வந்தவர்கள் நேராக மயிலுக்குப் போய்விட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பல்பைத் திருகிக்கொண்டிருந்த சோலையின் தோளில் பெண்ணின் அப்பா கையைப் போட்டு, "மாப்பிள்ள நீங்கதானா?" என்றார்.

"நான் இல்லங்க. படிச்சவன் அந்தா நிக்கிறான்" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்தான் இப்போது லைட் வாங்கி வந்தவள். அவளுடைய அப்பா இன்றைக்கும் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் அந்த மயிலைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார்.

அது கழிந்து நாலாம் நாள் ரீடிங் எடுக்க வந்தார்கள். வழக்கமாக இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நூற்றெண்பதுக்குள் நிற்கும். அந்தத் தடவை இருநூற்று ஐம்பத்தைந்து. அப்போதெல்லாம் இருநூறைத் தாண்டினால் மொத்தக் கணக்கும் வேறு ரேட்டுக்குப் போய்விடும். பில் ஒன்றுக்கு இரண்டரை மடங்காக வந்து நின்றது. கட்ட வேண்டிய முறை எங்களுடையது.

முற்றத்தில் எல்லோரும் இருந்தோம். அப்பா ரீடிங் எழுதின அட்டையை என்னிடம் நீட்டினார். "படிச்சவன் பாருப்பா. எப்புடி இப்புடி ஏறுச்சு?"

எப்படி ஏறியது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடின எழுபத்தைந்து யூனிட்டும் பிரிட்ஜ். ராப்பகலாக உள்ளே உறுமிக்கொண்டிருக்கிற என் பிரிட்ஜ். சோலையின் எட்டு செட்டும் சேர்ந்து நாற்பது வாட். சாயங்காலம் நாலு மணி நேரம், விடியக்காலம் கோலத்துக்கு ஒரு மணி நேரம். மார்கழி முப்பது நாளும் எரித்தால் ஆறு யூனிட். ஆறே ஆறு. வாய்விட்டுச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

நான் உள்ளே போய் ஓர் அட்டைத் துண்டை எடுத்து வந்து கணக்குப் போட்டேன். பழைய காலத்துப் பந்தல் பல்பு இருக்கிறதே, சீரோ வாட் என்பார்கள், பெயர்தான் சீரோ, ஒவ்வொன்றும் பதினைந்து வாட் குடிக்கும். அந்தக் கணக்கைப் போட்டேன். எண்பது பல்பு, ஐந்து மணி நேரம், நாளுக்கு ஆறு யூனிட், மாதத்துக்கு நூற்றெண்பது. பேனாவால் இரண்டு கோடு இழுத்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும்.

"லைட்டுதான்ப்பா" என்றேன்.

லைட்டே நூற்றெண்பது என்றால் இரண்டு வீட்டுக்கும் மீதி எழுபத்தைந்துதானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் வாசல் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சோலை எழுந்துபோய் லைட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் முதல்தடவையாக என்னை அண்ணன் என்றது.

சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே, இந்தத் தடவ நானே கட்டிர்றேன்."

"கட்டுறது பெருசில்லடா. ஏன் ஏறுச்சுன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்" என்றார் அப்பா.

சித்திக்கு ரோஷம். அம்மாவைப் பார்த்து, "எங்களால ஒங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு? நாங்க தனி மீட்டர் வாங்கிக்கிறோம்" என்றார்கள். அம்மா வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னார்கள். இரண்டாம் தடவை சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். சொல்லவில்லை. பிரிட்ஜ் அட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், கணக்குப் போட்டது பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையில்தான்.

ஒரே வீட்டுக்குள் இரண்டாவது மீட்டர் வேண்டுமென்றால் இரண்டு வீடாகப் பிரிந்திருக்க வேண்டும், நடுவில் தடுப்பு இருக்க வேண்டும் என்று வயரிங் பார்க்க வந்தவர் சொன்னார். அதனால் முற்றத்தின் நடுவில் சுவர் எழுந்தது. சண்டை போட்டுக்கொண்டு கட்டின சுவரில்லை அது. அப்பா செங்கல் எடுத்துக் கொடுக்க, சித்தப்பா கலவை போட, இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். சித்தியின் மாவுச் சட்டி அதற்குப் பிறகு எங்கள் பிரிட்ஜுக்கு வரவில்லை. ரோட்டைச் சுற்றி யார் வருவார்கள்?

அடுத்த மார்கழியிலும் சோலை லைட் கட்டினான். எட்டு செட்டையும் அவர்கள் பாதியிலேயே நெருக்கிக் கட்டினான். வெளிச்சம் சுவர்வரைக்கும் வந்து, கத்தரித்த மாதிரி நின்றது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் எங்கள் பாதி, விளக்கு வைக்காத வீடு போல இருக்கும். நான் நினைத்தது நடந்துவிட்டது. எங்கள் மீட்டரில் அவன் லைட் ஓடவில்லை. ஆனாலும் டவுன் பஸ் வருகிற நேரத்தில் வாசலில் நிற்பதை நான் விட்டுவிட்டேன்.

தை ரீடிங் முடிந்ததும் சித்தப்பா அவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டைச் சுற்றி வந்தார். "என்ன போட்ருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா." எண்பத்திரண்டு யூனிட். நூறுவரைக்கும் காசு கிடையாது. கட்ட வேண்டியது பூஜ்யம். மார்கழி முழுக்க எட்டு செட்டும் மயிலும் எரிந்து பூஜ்யம். அப்பா எங்கள் அட்டையையும் நீட்டினார். நூற்று எழுபத்திரண்டு. இரண்டையும் நானே வாசித்தேன். சோலை கடைக்குப் போயிருந்தான், வேறு யாருக்கு வாசிக்கத் தெரியும்?

அப்பா இரண்டு அட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்ப நம்ம வீட்டுலதான் எரிஞ்சிருக்கு" என்றார்.

சித்தப்பாவுக்குச் சந்தோஷம்தான். ரெண்டு மீட்டர் ஆனதும் ரெண்டு நூறு இலவசம், படிச்ச புள்ள யோசனையால ரெண்டு வீட்டுக்கும் லாபம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மன்னிப்புக் கேட்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது எனக்கு.

சோலை திருப்பூருக்குக் கிளம்பினபோது பஸ் நிறுத்தம்வரை போனேன். சொந்தமாக லைட் செட் போடப் போகிறான். "ஏலே, அன்னைக்குப் போட்ட கணக்கு தப்புடா" என்றேன்.

"தெரியும்லே. தெனமும் நான் தொடுற லைட்டு, எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"எங்கப்பா ஒன்னய அண்ணன் மகன் படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. அவரு முன்னாடி நீ சொல்றது பொய்யின்னு நான் சொல்லணுமாக்கும்?" பையைத் தூக்கிக்கொண்டான். "பஸ்ஸு வருது, தள்ளு."

அந்த இடத்திலும் அவன்தான் முந்தினான். இன்றைக்கு வரைக்கும் அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு வருடம் முன்னால் சித்தப்பாவையும் சித்தியையும் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. பில் அட்டை இன்னும் அவர்கள் மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது லைட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பாளையம்பட்டி வாடகை வீட்டுக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஏணி போட்டு எங்கள் முகப்பில் கட்டினேன். சோலை அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன, துருப்பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வரிசையில். சுவர்வரை கட்டியும் பாதி வயர் மிச்சம். அதைச் சுருட்டிச் சுவரின் இந்தப் பக்கம் தொங்கவிட்டேன். கீழே நின்ற அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் எறிஞ்சு விடு. நம்ம மீட்டர்ல ஓடட்டும்" என்றார்.

எறிந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பூட்டிய கதவின் மேல் நீலமும் பச்சையுமாக விழுந்து எரிந்தது. அப்போதுதான் டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கிய கீழத்தெரு அத்தை ஒருத்தி கூடையை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏப்பா, சோலை வந்துட்டானா?"

"இல்லத்தே. நான்தான் போட்டேன்."

அவள் பூட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப வெறும் லைட்டுதானா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.