பதினான்காவது நிமிடம்

அம்மா இறந்து முப்பத்து நான்கு நாள் ஆகிறது. ஊர் முக்கில் உறவினர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அம்மா செந்தாமரை பொறுமையானவர் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அமராவதிபுதூர் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளர். முட்டை வந்தால் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதப்பது வண்டியிலேயே திரும்பிப் போகும். ஓட்டுநர்கள் அவருக்குப் பயப்படுவார்கள். அப்பா 2008இல் இறந்தார். அப்போது அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்குப் பதினாறு.

என் கல்யாணம் 2017 வைகாசியில். என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவின் அண்ணன் பெரியகருப்பனும் பெரியம்மாவும் நிற்பதென்று முடிவாகியிருந்தது. கணவனை இழந்தவள் தாரைத் தண்ணீர்ச் செம்பைத் தொடக் கூடாது. அம்மாவுக்கு மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி.

பெரியம்மா செம்பைச் சரிக்கப் போகும் நேரம், அம்மா மேடையில் ஏறினார். செம்பைப் பிடுங்கினார். "நான் பெத்த பிள்ள. நாந்தான் குடுப்பேன்" என்றார். தண்ணீரை ஊற்றினார். இறங்கிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது விநாடி இருக்கும். நான் தலையைக் குனிந்தபடி இருந்தேன். மணப்பெண் குனிந்திருக்க வேண்டும் என்ற வழக்கம் அன்று எனக்கு வசதியாக இருந்தது.

ஆனியில் கல்யாண டிஸ்க் வந்தது. நான் அப்போது கோயம்புத்தூரில், கணவர் வீட்டில். எங்கள் வீட்டில் பங்காளிகள் கூடிப் பார்த்திருக்கிறார்கள். பெரியம்மா கையில் செம்பு. அடுத்து திரை முழுக்க ரோஜாப்பூ சுழல்கிறது. பூ விலகும்போது தாலி ஏறிவிட்டது. மூன்று மணி நேரப் படத்தில் அம்மா ஒரே இடத்தில், பந்தியில், முதுகு மட்டும்.

மறுநாள் காரைக்குடிக்குப் பஸ் ஏறினார். படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் முத்தரசு நெளிந்திருக்கிறார்.

"பெரியவுகதான் அந்த எடத்த எடுக்கச் சொன்னாக அக்கா."

"அவுக சொன்னா வெட்டுவீக. நான் சொன்னா ஒட்ட மாட்டீகளா?"

"எம் பொழப்பக் கெடுக்காதீக. டிஸ்க்கெல்லாம் போட்டுத் தர முடியாது. எடுத்தது எடுத்தபடி பென்டிரைவ்ல தாரேன். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீக."

"பின்ன, ஆகாசத்துலருந்து விழுந்துச்சுன்னு சொல்றேன்."

ஆடிக்கு என்னை அழைத்து வந்த அன்றே பென்டிரைவைக் கையில் கொடுத்தார். ஆடிப் பதினெட்டு அன்று பெரியப்பா வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும். நான்கு நாள் இருந்தது.

"என் லேப்டாப்ல போட்டுக் காட்டுறேம்மா."

"வேணாம். அன்னைக்கு எந்தப் பெட்டியில என்னைக் காணோமோ, அந்தப் பெட்டியிலதான் நான் வரணும்."

பெட்டி என்பது அப்பா வாங்கிவைத்த பழைய டிவிடி பிளேயர். முன்பக்கம் யுஎஸ்பி துளை உண்டு. பென்டிரைவைச் செருகினேன். எதுவும் செருகப்படவில்லை என்றது. அந்தப் பெட்டிக்கு ஃபேட்32 அமைப்பு மட்டுமே புரியும். கோப்பை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு பென்டிரைவை அதற்கேற்ப மாற்றினேன். இப்போது கோப்பின் பெயர் தெரிந்தது. அமுக்கினால், இந்த வகை ஓடாது என்றது. ஸ்டுடியோக்காரர் கொடுத்தது புதிய கேமராவின் எம்பி4. பெட்டி ஏவிஐ காலத்தது. படத்தின் அகலமும் 720 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. மாற்றினேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

"படம் தெரியுதுல்லம்மா, போதாதா?"

"செம்பப் புடுங்குனது தெரியும். எதுக்குப் புடுங்குனேன்னு எப்படித் தெரியும்?"

சத்தத்தை எம்பி3 ஆக்கி மறுபடி ஏற்றினேன். அம்மாவின் குரல் வந்தது. ஆனால் ஒரு குறை. எந்த நிமிடம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதில் எழுதப்படவில்லை. அது இல்லாமல் பிளேயரால் முன்னாலோ பின்னாலோ தாவ முடியாது. ரிமோட்டை அமுக்கினால் திரை மூலையில் ஒரு கை அடையாளம் வரும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சரிசெய்கிறேன் என்றேன்.

"தாண்டி ஓட்ட முடியாதுங்கிறியா?"

"முடியாது."

"யாராலயும்?"

"யாராலயும்."

"அப்ப கைய எடு."

ஆடிப் பதினெட்டு மத்தியானம். பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் அக்கா சின்னத்தாயி அத்தை, இன்னும் ஏழெட்டுப் பேர். அத்தை இருபத்தொன்பது வயதில் கணவனை இழந்தவர். எந்தக் கல்யாணத்திலும் சமையல்கட்டைத் தாண்டி நான் அவரைப் பார்த்ததில்லை.

"முன்ன பாத்தது சுருக்கம். இது முழுசு" என்று சொல்லி அம்மா போட்டுவிட்டார்.

மாப்பிள்ளை மணவறைக்கு வருவதிலிருந்து தொடங்கும் படம். பத்தாவது நிமிடத்தில் பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ரிமோட்டை எடுத்து அமுக்கினார். கை அடையாளம். மறுபடி அமுக்கினார். கை.

"ஏத்தா சுபா, என்ன இது, நகர மாட்டேங்குது?"

"நகராது பெரியப்பா."

"இம்புட்டுப் படிச்சு, ஒரு படத்த ஒழுங்கா ஏத்தத் தெரியலையா?"

"தெரியும்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.

அவர் அம்மாவிடம் திரும்பினார். "அணைச்சுவிடு தாமரை. நாலு பேரு சிரிப்பாக."

"மண்டபத்துல ஐநூறு பேரு பாத்தாக மச்சான். ஒருத்தரும் சிரிக்கல." அம்மா சுவிட்ச் போர்டை மறைத்துச் சாய்ந்து நின்றார்.

பதினான்காவது நிமிடம். திரையின் இடது ஓரத்திலிருந்து அம்மா வந்தார். நான் குனிந்திருந்ததால் பார்க்காததை அப்போதுதான் பார்த்தேன். அம்மா செம்பைப் பிடுங்கவில்லை. அவர் கை எட்டுவதற்குள் பெரியம்மா செம்பை அவர் பக்கம் நீட்டியிருந்தார். அன்றைய வேகத்தில் கவனிக்காத அம்மாவுக்கும் அது புதிது. சுவிட்ச் போர்டருகே வாய் லேசாகத் திறந்தபடி நின்றார். "நான் பெத்த பிள்ள" என்று டிவி சொன்னது. பெரியப்பா மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். பெரியம்மா வெற்றிலையின் நரம்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஏ தாமரை" என்றார் அத்தை. "அந்த எடத்தத் திருப்பிப் போடு. இவ குடுத்தாளா, நீ புடுங்குனியா?"

"திருப்ப முடியாது மதினி. மொதல்லருந்துதான் பாக்கணும்."

"மொதல்லருந்தே போடு. எனக்கு என்ன வெட்டி முறிக்கிற வேல கெடக்கு?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "கெளம்பு" என்றார் பெரியம்மாவிடம்.

"நீங்க முன்ன போங்க" என்றார் பெரியம்மா. "நான் பாத்துட்டு வாரேன்."