ஆடாமல் கிடக்க ஒரு வேண்டுதல்

தைப்பூசம் முடிந்த மாதம் என் வலது கண் மங்க ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூளைக்குப் பக்கத்துல ஏதோ கண் நரம்ப அழுத்துற மாதிரி இருக்கு. எம்.ஆர்.ஐ. படம் தெளிவா வந்தாத்தான் ஆபரேஷன் செய்யலாமான்னு சொல்ல முடியும்" என்றார்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் ஓரிடத்தில் நிற்கிறவள் இல்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயரே பம்பரம்தான். வெள்ளிக்கிழமை பஜனையிலும் அப்படியே. முருகா என்று வாயைத் திறந்தால் தலை தானாக ஆடும். பின்னால் உட்காருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது எனக்கும் அவனுக்கும் உள்ள பழக்கம் என்று விட்டுவிடுவேன்.

அந்தத் தலைதான் என் காலை வாரிவிட்டது.

ஸ்கேன் எடுத்த கவிதா நம் தமிழ்ப் பெண்தான். முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, குகை மாதிரி இருந்த மெஷினுக்குள் தள்ளினாள். டமடமவென்று சத்தம். செத்தேன் என்று நினைத்து, "சரவணபவ, சரவணபவ" என்று சொல்ல ஆரம்பித்தேன். கவிதா வெளியே இழுத்தாள்.

"அக்கா, ஆடிட்டீங்க. படமெல்லாம் கலைஞ்சு போச்சு. ஒரு கோடு ரெண்டு கோடாத் தெரியுது."

"நான் ஆடலம்மா. சாமி கும்பிட்டேன்."

"அதான்க்கா. வாய் அசைஞ்சா தலையும் அசையும். மனசுக்குள்ள கும்பிடுங்களேன்."

மனசுக்குள் கும்பிட்டேன். அப்பவும் ஆடியிருக்கிறது. அந்தப் படமும் வீண். மயக்கம் கொடுத்து எடுக்கலாமாம், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். கண்ணோ நாளுக்கு நாள் இருண்டுகொண்டு வந்தது. எனக்கு ஆத்திரம். "இந்த நேரத்துல முருகனக் கூப்பிடாம வேற எப்பம்மா கூப்பிடுறது?" என்று அந்தப் பிள்ளையிடம் கத்திவிட்டேன். பாவம், அது என்ன செய்யும். உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முருகா, உன் பேரைச் சொன்னால் கண் போகும், சொல்லாவிட்டால் நான் யாரைப் பிடித்துக்கொண்டு உள்ளே கிடப்பேன்? நீயே ஒரு வழி காட்டு என்று கேட்டேன்.

வெளியே என் வீட்டுக்காரர் இருந்தார். அவருக்கு ஜுரு பக்கம் ஒரு பட்டறையில் கார் ரிப்பேர் வேலை. கோயிலுக்கு என்னைக் கொண்டுவந்து விடுவார், உள்ளே மட்டும் வர மாட்டார். காருக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பார். கவிதா என்ன நினைத்தாளோ, உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று அவரை விசாரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். சாவி, பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"நீ சும்மா கெட. ஒனக்கும் சேத்து நான் சொல்றேன்லா."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எதையோ சொல்றேன். நீ வாய மூடு."

என் பாதத்தின் மேல் கையை வைத்தார். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. கை மட்டும் இருந்தது. மூக்கு அரித்தது. கழுத்து வலித்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் முருகனைக் கூப்பிடுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார், எனக்கு வேலை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா கிடந்தேன்.

படம் தெளிவாக வந்தது. கட்டி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் ஓரமெல்லாம் நன்றாகத் தெரிந்ததால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்தார்கள். இதை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் எழுதுகிறேன். முருகா, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். கடைசி வரிசைதான். அன்பானவர்களே, கும்பிடக்கூட முடியாத நேரம் உங்களுக்கும் வரலாம். பயப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கும்பிடச் சொல்லுங்கள். பழக்கமில்லாத வாயாக இருந்தாலும் முருகன் கேட்பான். அன்று குகையை விட்டு வெளியே வந்ததும் கவிதாவிடம், "இப்பவும் ஆடிட்டேனா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"நீங்க ஆடலக்கா" என்று சிரித்தாள். "அண்ணன்தான் கண்ண மூடிக்கிட்டு, கடைசி வரைக்கும் தலைய ஆட்டிட்டே இருந்தாரு."