முள் சாய்ந்த பக்கம்

எங்கள் வீட்டில் எதுவும் ஆடக் கூடாது. கதவில் மாட்டிய பை ஆடினால் சித்தி போய்ப் பிடித்து நிறுத்துவாள். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முட்டியில் ஒரு அடி விழும். ‘பிரேக் சித்தி’ என்று நாங்கள் வைத்த பெயர் அவளுக்கும் தெரியும்.

மின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. எங்கள் பகுதியையும் அடுத்த பகுதியையும் ஒரே ஒரு மின்பாதை இணைத்தது. சில சமயம் அதில் மின்சாரம் நிலைகொள்ளாமல் ஊசலாடும். மீட்டர் முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய் வரும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தால் இரண்டு பகுதியும் சேர்ந்து படுத்துவிடும். அதற்குள் இணைப்பை வெட்டியாக வேண்டும். வெட்டும்போது முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அடி அந்தப் பக்கத்துக்கு.

அடுத்த பகுதியின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவரைச் சித்தி நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் போன் பழக்கம்தான். ஒருவரையொருவர் ‘எதிர்க்கரை’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் தன் ஒரே மகளின் சேட்டைகளைச் சொல்லச் சொல்ல, பிள்ளையில்லாத சித்தி விழுந்து விழுந்து சிரிப்பாளாம்.

ஒரு நாள் இருட்டிய நேரத்தில் முள் ஆடத் தொடங்கியது. அடங்கவில்லை. சித்தி சுவிட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“எதிர்க்கரை, வெட்டப் போறேன்.”

“கொஞ்சம் பொறும்மா! என் பொண்ணு ஆபரேஷன் டேபிள்ல இருக்கா.”

முள் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. பொறுத்தால் அடுத்த சாய்வு எங்கள் பக்கம். சித்தி வெட்டினாள். இங்கே ஒரு விளக்குகூட அணையவில்லை. அங்கே ஊர் ஊராக இருண்டது.

பிறகு அவர் மாற்றலாகிப் போனார். மகள் பிழைத்தாளா என்று கேட்கச் சித்திக்கு வாய் வரவில்லை.

“ஆஸ்பத்திரின்னா ஜெனரேட்டர் இருக்காதா?” என்று சித்தப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

“ஓடுச்சான்னு யாரு பார்த்தா?” என்பாள்.

வீட்டில் கரண்ட் போனால் அவள் மெழுகுவத்தி தேட மாட்டாள். காலிக் கட்டிலருகே நின்று, யாருக்கோ மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள்.

போன வாரம் போனில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பெண்குரல்.

“ஆன்ட்டி, நான் இங்க புதுசா சேர்ந்திருக்கேன். எங்கப்பாவோட எதிர்க்கரை நீங்கதானே?”

சித்தி அழுதேவிட்டாள். “நல்லா இருக்கியா கண்ணு? அன்னிக்கு ஆபரேஷன் ஒழுங்கா முடிஞ்சுதா?”

“எந்த ஆபரேஷன்? என் உடம்புல ஒரு தையல்கூட கிடையாதே!”

வீட்டில் இதைச் சொன்னபோது சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “சரியான கில்லாடி! முள்ளு நம்ம பக்கம் திரும்பட்டும்னு உன்னை நிறுத்திப் பார்த்திருக்கான். அவன் கையும் சுவிட்சுலதான் இருந்திருக்கும். விட்டுத் தள்ளு, பாரம் இறங்குச்சு.”

எனக்கு அந்த ஆளின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. சித்திக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

“அவ இல்லைன்னா, அப்போ டேபிள்ல இருந்தது யாரு?” என்றாள். “அத்தனை ஊரு இருண்டுச்சே, எங்கயுமே யாரும் இல்லாமலா இருந்திருப்பாங்க? இத்தனை வருஷமா நான் ஒருத்திக்காக மட்டும்தான் அழுதிருக்கேன்.”