நீலப் பட்டை

பிரென்னா வந்த நாளிலிருந்தே மார்லிஸுக்கு வயிற்றெரிச்சல்தான். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தே தலை நரைத்தவள் மார்லிஸ். நேற்று முளைத்தவள் பிரென்னா. ஆனால் ஓய்வறையில் மார்லிஸ் வைத்த காட்டரிசி சூப்பைக் குடித்துக்கொண்டே எல்லாரும் பிரென்னா புகழ் பாடினார்கள். எரியாதா பின்னே?

எல்லாம் அந்த டையோடால் வந்த வினை. வயர் நுனியில் பொட்டு மாதிரி ஒரு சிலிக்கான் துண்டு, அவ்வளவுதான். நோயாளியின் தோலில் ஒட்டினால், எவ்வளவு கதிர் விழுகிறது என்று காட்டும். அடையாளத்துக்கு வயரில் நீலப் பட்டை ஒட்டியது பிரென்னாவுக்கு, சிவப்பு மார்லிஸுக்கு. பிரென்னாவின் அளவு அச்சடித்த மாதிரி சரியாக வரும். மார்லிஸுக்கு எப்போதும் மூன்று சதவீதம் கூடுதல். கருவிகளைக் கவனிக்கும் ஓரின் படித்துப் படித்துச் சொன்னார்.

"முதல்லயே ஒட்டிட்டு அரட்டை அடிக்காதீங்க மார்லிஸ். உடம்புச் சூடு ஏறினா அது கூடுதலாத்தான் காட்டும்."

மார்லிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படுத்திருப்பவர் பயந்து நடுங்கும்போது நாலு வார்த்தை பேசாமல் எப்படி வருவதாம்? அந்தக் கள்ளி நல்லதாகப் பார்த்து அமுக்கிக்கொண்டாள், அதுதான் சங்கதி என்று முடிவு கட்டிவிட்டாள்.

பிரிவின் தலைமைப் பொறுப்பு யாருக்கு என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார்கள். இத்தனை வருஷமாக மார்லிஸ் காத்திருந்தது அதற்காகத்தான். வியாழன் காலை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு பட்டைகளையும் உரித்து மாற்றி ஒட்டினாள்.

அன்றும் வழக்கம்போல முதலிலேயே ஒட்டிவிட்டுத்தான் பேசினாள், ஆனாலும் அளவு கச்சிதமாக வந்தது. முகமெல்லாம் பல். அடுத்த அறையில் பிரென்னாவுக்கு மூன்று சதவீதம் எகிறியது. சிகிச்சையை நிறுத்தி ஓரினைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டையும் சோதித்துவிட்டு வந்தார். கதிர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, பட்டைதான் மாறியிருக்கிறது என்றார்.

"நீலம் கிழடு. கதிரைத் தின்னு தின்னு மந்தமாயிடுச்சு, குறைச்சுத்தான் காட்டும். அதுக்காக நீலத்துக்கு மட்டும் கணக்கைக் கூட்டி வச்சிருக்கேன். இப்ப அந்தக் கணக்குல சிவப்போட புது டையோடு உட்கார்ந்திருக்கு, அதான் எகிறுது."

மார்லிஸுக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் பொறாமைப்பட்டது இந்த ஓட்டையைப் பார்த்தா? கிழடு குறைத்ததை உடம்புச் சூடு கூட்டிக் கொடுத்ததால்தான் இன்று தன் அளவும் சரியாக வந்திருக்கிறது.

அதற்குள் பிரென்னா முன்னால் வந்தாள். "நேத்து பட்டை பிரிஞ்சிருந்துச்சு. ரெண்டையும் நான்தான் ஒட்டினேன். மாத்தி ஒட்டியிருப்பேன். என் தப்புதான்."

இந்தக் காலத்தில் யார் இப்படி ஒத்துக்கொள்கிறார்கள் என்று ஓரின் எல்லார் முன்னாலும் உருகினார். மார்லிஸுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. மனசாட்சி குத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். தான் செய்த தப்புக்குக்கூட அவளுக்குப் பாராட்டா?

"அவ இல்ல. மாத்தினது நான். இன்னைக்குக் காலைல, வேணும்னேதான்."

உண்மையைச் சொன்னதற்கு இவளை ஒருவரும் பாராட்டவில்லை. பொறுப்பு பிரென்னாவுக்குப் போனது.

திங்கட்கிழமை, பட்டைகள் பழையபடி ஒட்டப்பட்டிருக்க, மார்லிஸ் நோயாளியிடம் ஆற அமரப் பேசி முடித்துவிட்டு, கடைசியாக டையோடை ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். அளவு துல்லியமாக இருந்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று நொந்துகொண்டு நிற்கையில், பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது.

"அருமையா வந்திருக்கு, மார்லிஸ்," என்றாள் புதுத் தலைவி.