ஏழு மணியும் எட்டேகாலும்

என் தங்கை இஸ்திரி போட்ட அங்கியில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்தவர் கிடையாது. பதினாறு வருடம் ஒரே சலவைக்கூடத்தில், அவள் இஸ்திரி மேசையிலும் நான் மடிப்பு மேசையிலும் நின்றோம்.

எங்களுக்கு வருவது ஆஸ்பத்திரித் துணி. காலை ஏழு மணிக்கு மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் பட்டது, மலம் பட்டது, மற்றது என்று கையால் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் விலக்கு இல்லை. அதை முடித்துவிட்டுத்தான் அவரவர் இடத்துக்குப் போவோம்.

போன வருடம் தங்கை சூப்பர்வைசரிடம் தனியாகப் பேசி, எட்டேகாலுக்கு வர அனுமதி வாங்கினாள். நாங்கள் நான்கு மணிக்குக் கிளம்புவோம். அவள் ஐந்தேகால் வரை இருப்பாள். ஒரு நிமிடம்கூடக் குறைத்ததில்லை. ஆனால் மாலையில் அவள் தனியே நின்றதை யார் பார்த்தார்கள்? காலையில் மூட்டைக்கு முன்னால் அவள் இல்லாததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

“மகாராணி வந்தாச்சு, கம்பளத்தை விரிங்கடி!” என்பாள் மூலை மிஷின்காரி. “நாங்க மட்டும் நாத்தத்துக்குன்னே பொறந்தவங்களா? என் புள்ளைக்கு ஜுரம்னு ஒரே ஒரு மணி நேரம் கேட்டேன். குடுத்தாங்களா?”

அவள் கேட்டதில் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தங்கையின் கணவர் முன்பு எங்கள் வேன் டிரைவர். சிரிக்கவைத்தே வயிற்றைப் புண்ணாக்குவார். வெளியூரில் லாரி ஓட்டுகிறார் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரோ முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டில் கிடந்தார். மலம் இளக விடியும்முன் கொடுக்கும் மருந்து வேலை செய்ய ஏழரை ஆகும். அதன் பிறகுதான் அவரைத் துடைத்து, துணி மாற்ற முடியும். “சூப்பர்வைசரத் தவிர அங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது” என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். தங்கை என்னிடமும் வாங்கினாள். இப்போது அவர் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

புகார் முற்றியதும் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டினார்.

“அம்மா, காரணத்த நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா ஏழு மணிக்கு வாங்க. என்னால சமாளிக்க முடியல.”

மூலை மிஷின்காரியின் குரல் இறங்கியது. “சொல்லுடி. நியாயமான காரணமா இருந்தா உன் பங்கையும் நானே பிரிக்கிறேன்.”

நான் வாயைத் திறந்தேன். தங்கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“வேணாம்க்கா.” பிறகு எல்லோரிடமும், “நாளைலேருந்து ஏழு மணிக்கு வந்துடுறேன்” என்றாள்.

மறுநாள் ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டாள். அன்று முதல் அவள் கணவர் ஏழரையிலிருந்து, அவள் வீடு திரும்பும் நாலரை வரை, அப்படியே கிடந்தார். மூன்றாவது வாரத்தில் முதுகில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது.

கூடத்தில் எல்லோருக்கும் மனம் ஆறிவிட்டது. மூலை மிஷின்காரி தன் புதுக் கையுறையை அவளுக்குக் கொடுத்தாள்.

“இப்பதான்டி சரி. ஆமா, உன் வீட்டுக்காரர் எப்ப லீவுல வர்றாரு? அவர் இல்லாம இங்க சிரிப்பே இல்ல.”

“வருவார்” என்று சொல்லிவிட்டு, தங்கை அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.