பிளாஸ்திரி ஒட்டாத பாட்டில்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். நர்ஸ் வேலையில் எத்தனையோ பிணங்களைத் தனியாகத் துடைத்துக் கட்டியிருக்கிறேன், ஒன்றும் எழுந்து உட்காரவில்லை. நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு ஆண் குழந்தை. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள், நான் அவளைப் பார்த்ததில்லை. பவுடர் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. பக்கத்து வார்டில் பிரசவித்த ஒருத்தி தன் பாலைப் பீய்ச்சித் தர முன்வந்தாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். ரத்தச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எய்ட்ஸ் கிருமி உடம்பில் புகுந்து சில வாரம் சோதனைக்கு அகப்படாது, அதனால் காய்ச்சாத பால் ஒரு சொட்டுகூடக் குழந்தை வாயில் படக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. கண்ணாடி பாட்டிலைத் தண்ணீரில் நிறுத்தி அடுப்பில் வைத்து, தண்ணீர் கொதித்ததும் எடுத்து ஆறவைத்து, காய்ச்சியதற்கு அடையாளமாகப் பாட்டில் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டுவோம்.

அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. இரும்பு ஆலைப் புழுதிக்குப் பயந்து ஜன்னலும் சாத்தியிருந்தது, ஒரே புழுக்கம், குழந்தையோ பசியில் விடாமல் முனகுகிறது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேசையில் இரண்டு பாட்டில். ஒன்றை எடுத்துப் பாலாடையில் ஊற்றி, குழந்தையின் உதட்டருகே கொண்டுபோய்விட்டேன்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சை நைட்டி, மேலே துண்டு. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அத்தக் குடுக்காதீங்க சிஸ்டர். அது இன்னும் காச்சல."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்திரி இல்லை. பாலாடையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் யாரும் இல்லை. பக்கத்து வார்டில் பால் தந்தவளோடு சேர்த்து மூன்று பேரும் படுக்கையில்தான் இருந்தார்கள், ஒருத்திகூடப் பச்சை நைட்டியில் இல்லை. கேட்டில் வாட்ச்மேனைக் கேட்டேன்.

"யாரும் வர்ல சிஸ்டர். நான் இங்கியேதான் குந்திகினு கீறேன்."

அந்தத் தாய்தான் செத்துப்போய் வந்தாள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சென்னையிலிருந்து போன் வருமோ என்று இருப்புக்கொள்ளாமல் தவித்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் பிள்ளையைத் தேடி வந்தாள். நான் வாசலில் பார்த்தது வேறு முகம்.

மூன்று மாதம் கழித்து, பால் கொடுத்தவளை மறுபடி சோதித்தபோது கிருமி இருந்தது. சொன்னதும் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள், கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு, "அந்தக் கொயந்த நல்லாக்கீதா சிஸ்டர்?" என்றாள். இரண்டு குழந்தைகளையும் சோதித்தார்கள். இரண்டும் தப்பின.

ஒன்றை மட்டும் டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று அந்தப் பச்சை நைட்டிக்காரி நின்ற இடத்தில், தரையில் மூன்று வெள்ளைச் சொட்டுகள் கிடந்தன. நான் கவிழ்த்த பால் அவ்வளவு தூரம் தெறிக்காது. துடைக்கக் குனிந்து விரலை வைத்தேன்.

சுட்டது. உடம்புச் சூடு இல்லை, கொதிக்கிற சூடு. இன்றைக்கும் தரையில் பால் சிந்திக் கிடந்தால் வெறும் கையால் தொட மாட்டேன்.